காரைக்கால் சவரிமுத்துவும் என் பிரெஞ்சு வகுப்பும்

பல்கலைக்கழகத்தில் வரும் ஆண்டிலிருந்து பிரெஞ்சைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடியாதாம். எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த விரிவுரையாளர் தொலைபேசியில் சொன்னார். மூடுவதற்கு முன் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். மலைநாட்டில் பிரெஞ்சு படிப்பித்த காலத்தைப் பற்றி நான் எழுதித் தரவேண்டுமாம். கேட்டபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. மூடுகிறார்கள் என்ற செய்தியை என் உத்தியோக காலத்தில் வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டுப் பழகிவிட்டது. முதல் தடவை அழுதேன். பிறகு நாற்காலிகளை எண்ணி ஒப்படைக்கும் வேலையைத்தான் நினைத்தேன்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், நான் படிப்பித்த காவியமோ நாடகமோ முதலில் நினைவுக்கு வரவில்லை. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஸ்டோர் என்கிற ஆலையில் வேலை செய்த சவரிமுத்துதான் வந்து நிற்கிறார். அவர் என் மாணவர் அல்ல. இலக்கியத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவரைச் சொல்லாமல் என் பிரெஞ்சைப் பற்றி உண்மையாக எதையும் சொல்ல முடியாது.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம். என் அப்பா ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். தொழிலாளர்களின் லயத்துக்கு மேலே, துரையின் பங்களாவுக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே பிரெஞ்சு வகுப்பு என்பது துரைமாரின் பெண்பிள்ளைகளுக்காக வைத்தது. பியானோ, பூவேலை, பிரெஞ்சு. ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் என்னையும் உட்காரவைத்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டேன். பட்டம் வாங்கி, நாற்பத்தெட்டில் அதே பள்ளிக்கே உதவி ஆசிரியையாகத் திரும்பி வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம்தான் தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்ல என்று சட்டம் வந்தது. அப்பாவிடம் உத்தியோகமும் சான்றிதழ்களும் இருந்ததால் பின்னாளில் விண்ணப்பித்து நாங்கள் பதிவானோம். எங்கள் வீட்டுக்குக் கீழே லயத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பதிவாகவில்லை. அப்போது நான் அதைப் பற்றி அதிகம் யோசித்ததாக ஞாபகம் இல்லை. என் தலையில் பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸ்தான் இருந்தது.

பள்ளியின் தலைவியும் பிரெஞ்சு வகுப்பின் தலைவியும் ஒருவரேதான்: பிரான்சிலிருந்து வந்த மதர் குளோத்தில்ட். உயரமானவர், முதுகு சற்று வளைந்திருக்கும். குளிரில் வெடித்த கைகளுக்கு விரல் நுனி வெட்டிய கம்பளி உறை போட்டிருப்பார். அங்கியின் கீழ்விளிம்பில் எப்போதும் சேறு இருக்கும். மடத்துக் காய்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பாத்திகளை அவரேதான் கொத்துவார். நேரே அங்கிருந்து வகுப்புக்கு வருவார். மண் ஒட்டிய காலணியோடு, ஒரு ராணியின் மரணக் காட்சியை வாசிக்கத் தொடங்குவார்.

அவருடைய சொல்வதெழுதுதலைப் பற்றிச் சொல்லவேண்டும். முதலில் பத்தி முழுவதையும் ஒருமுறை வாசிப்பார். அப்போது யாரும் பேனாவைத் தொடக்கூடாது; கைகள் மடியில் இருக்கவேண்டும். பிறகு துண்டு துண்டாக, வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி. கடைசியில் மறுபடி முழுவதும். ஒரு துண்டை இரண்டாம் தடவைக்கு மேல் சொல்லமாட்டார். தகரக் கூரையில் மழை பலமாக விழுந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தி, ஒரு விரலை உயர்த்திக்கொண்டு அப்படியே நிற்பார். மழை குறைந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். நான் ஒருமுறை மழையைவிட உரக்கக் கத்திச் சொல்வதெழுதுதல் கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வாக்கியம் கத்தினால் உடைந்துவிடும், ரெஜினா. மழைக்குத்தான் அவசரம், நமக்கு இல்லை" என்றார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

பிழை திருத்துவதும் அப்படியே. பிழையான சொல்லைக் கோடிட மாட்டார். பென்சிலின் மழுங்கிய முனையை அந்த வரியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நாமே கண்டுபிடிக்கும் வரை பென்சில் நகராது. நாடகங்களை வாசிக்கும்போதும் அதே பொறுமைதான். ஏன் இந்தச் சொல், ஏன் இதன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல் இல்லை என்று கேட்பார். பதில் சொல்லாதவரை அடுத்த வரிக்குப் போவதில்லை.

ஐம்பதுகளில் நான் அவரிடமிருந்து உயர்வகுப்புகளை ஏற்றுக்கொண்டேன். பகலில் வகுப்பு, மாலையில் ஆய்வு. பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகங்களில் வேலைக்காரர்கள் எசமானர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வுப் பொருள். சுடுநீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு பல வருஷம் எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர்கள் பரீட்சகர்கள் இருவரும் நானும்தான் என்று நினைக்கிறேன். சிங்களம் மட்டும் என்ற மொழிச்சட்டம் வந்தபின் துரைமார் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. பியானோவைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் வந்தபோது எங்கள் பள்ளி கட்டணம் வாங்காமல் எப்படியோ தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு வகுப்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் பிள்ளைகள் மிச்சம்.

அந்த நிலையில்தான், அறுபத்திரண்டாம் ஆண்டின் கடைசியில், ஒரு மழைநாளில் சலேத்து வந்தாள்.

வாசல் காவலாளி அவளை உள்ளே விடவில்லை. மதில் ஓரத்துச் சைப்ரஸ் மரத்தடியில் தலையில் சாக்கு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கொழுந்து பறிக்கப் போகிற பெண் என்று பார்த்தவுடன் தெரிந்தது. விரல்களில் தேயிலைக் கறை. வயது என்னைவிட நாலைந்து கூட இருக்கலாம்.

"யாரைப் பார்க்கணும்?"

"பிரெஞ்சு மிஸ்ஸப் பாக்கணுங்க."

"நான்தான். என்ன விஷயம்?"

அவள் சற்றுத் தயங்கினாள். "எங்க வீட்டுக்காரரு பிரெஞ்சுக்காரருன்னு சொல்றாங்கங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். "நானுந்தாங்க சிரிச்சேன், கேசு பேசுற பிரக்கிராசி ஐயா சொன்னப்ப. ஆனா ஆள உள்ள வச்சிருக்காங்களே. சிரிச்சா விட்டுருவாங்களா?"

உள்ளே கூட்டிவந்து சமையற்கட்டில் தேநீர் கொடுத்து விசாரித்தேன். அவள் கணவர் சவரிமுத்து, காரைக்கால் பக்கத்து ஒரு கிராமத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாகத் தாய் தகப்பனோடு இங்கே வந்து, வளர்ந்தது, உழைத்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இந்த மலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாச் சந்தைக்கு மரக்கறி வாங்க வந்த இடத்தில் பொலிஸார் ஆட்களை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். கூட நின்றவர்கள் எல்லாரும் இங்கேதான் பிறந்தோம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறார்கள்.

"இவரு மட்டும் காரைக்கால்னு சொல்லியிருக்காரு. பொய் சொல்ல வரலியாம். களவாத் தோணியில வந்த கள்ளத்தோணின்னு ஏத்திட்டுப் போயிட்டாங்க மிஸ்."

அவரை இந்தியாவுக்கு நாடு கடத்த ஏற்பாடு நடந்திருக்கிறது. ஆனால் விசாரித்ததில், அவர் பிறந்த இடம் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர், ஆகவே அவர் இந்தியப் பிரஜை அல்ல என்று பதில் வந்திருக்கிறது. இங்கேயும் பிரஜை இல்லை, அங்கேயும் இல்லை. அனுப்ப இடம் இல்லாததால் விளக்கமறியலில் வைத்து, தவணைக்குத் தவணை நீதவான் முன்னால் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனார்கள். சலேத்து ஒவ்வொரு தவணைக்கும் பேர் இழந்து, அன்றைய கூலி இல்லாமல், நீதிமன்ற வாசலில் நின்றாள். வேலைக்குப் பேர் விழாத வீட்டுக்கு லயத்தில் அறை எதற்கு என்று தோட்டத்தில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மகன் அந்தோணி ஒருவன் உழைப்பில் அறை நிலைத்தது.

தொழிற்சங்கம் அமர்த்திய பிரக்கிராசியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் களைத்தவர். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. அது அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி, அங்கே பிறந்து வேறு நாட்டில் குடியிருப்பவர், தானாக வேண்டாம் என்று சொன்னாலொழிய, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருப்பார். இதை அவர் விளக்கிவிட்டு, "பிரெஞ்சுத் தூதரகம் எங்கட ஆள் என்று ஒரு சொல் எழுதித் தந்தால், கள்ளத்தோணி வழக்கு விழுந்துவிடும். பிறகு வெளிநாட்டுக்காரர் என்று வதிவிட விசா கேட்கலாம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரிந்த பாஷை நாடகத்து ராஜாக்கள் பேசியது. ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. பல தாள்களைக் கிழித்துப்போட்டேன்.

அனுப்புவதற்கு முன் மதர் குளோத்தில்டிடம் காட்டினேன். அவர் மொழியைத் திருத்தினார். பிறகு தாளை மேசைமேல் வைத்து, "இதை நம் பள்ளியின் பெயரில் அனுப்பாதே" என்றார்.

"ஏன் மதர்?"

"நாங்களும் இங்கே விருந்தாளிகள்தான், ரெஜினா. எங்கள் விசாவும் வருஷா வருஷம் ஒரு மேசையில் காத்துக்கிடக்கிறது. பொலிஸ் வழக்கு ஒன்றில் தலையிட்டோம் என்றால் கதவைக் காட்டிவிடுவார்கள். இருக்கிற பிள்ளைகளை யார் பார்ப்பது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் வீட்டு விலாசம் போட்டு என் பெயரிலேயே அனுப்பினேன்.

பதில் மரியாதையாக வந்தது. சித்திரையில் குதிரைப் பந்தயக் காலத்தில் அதிகாரி ஒருவர் விடுமுறைக்கு நுவரெலியா வருவதாகவும், அப்போது ஆளை நேரில் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டிப் பிரக்கிராசி பிணை வாங்கினார். பிணைக்குக் கையெழுத்துப் போட்டது நான். அன்றுதான் சவரிமுத்துவை முதன்முதலில் நெருங்கிப் பார்த்தேன். மெலிந்த, கறுத்த மனிதர். பல வருஷம் தேயிலைத் தூளைச் சுவாசித்த இருமல். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதலில் கேட்டது, "மிஸ், ஸ்டோர்ல என் எடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?"

அதிகாரியை எங்கே சந்திப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்குள் சவரிமுத்துவை விடமாட்டார்கள். என் அறையோ ஒரு கட்டிலுக்கும் ஒரு மேசைக்கும் உரியது. மதரிடம் நான் மறுபடி கேட்கவில்லை. அவராகவே ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், "மடத்து வரவேற்பறையைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். மழை வந்தால் அங்கே கூரை ஒழுகும், மூலை நாற்காலியில் அதிகாரியை உட்காரவைக்காதே" என்றார்.

வந்தவர் இளைஞர். நல்ல கோட்டு, களங்கமில்லாத பாரிஸ் உச்சரிப்பு. என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, தன் பாட்டி காலத்துப் புத்தகம் பேசுவதுபோல் இருக்கிறது என்று சிரித்தார். மதர் சன்னலோரத்தில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார். சலேத்து கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அதிகாரி எழுந்து கையை நீட்டி, "மொசியே சவரிமுத்து" என்றார்.

சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். "என்னையவா மிஸ் சொல்றாரு? முசேங்கிறாரே. எங்கப்பாரு சொல்லுவாரு, காரைக்கால்ல வெள்ளக்காரப் பெரிய மனுசன முசேம்பாங்கன்னு."

"உங்களைத்தான். கையைக் கொடுங்க."

அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். தோட்டத்தில் கங்காணியிலிருந்து மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வரை எல்லாரும் 'டேய்' என்று கூப்பிட்ட மனிதர். சலேத்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பதிவு எல்லாம் சரியாக இருந்தன. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். கடைசியில் அதிகாரி, "அவர் பிரெஞ்சுப் பிரஜையாக நீடிக்க விரும்புகிறாரா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

சவரிமுத்து கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு பிரான்சும் வேணாம், ஒன்னும் வேணாம் மிஸ். என்னைய என் லயத்துல இருக்கவிடச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி காத்திருந்தார். சன்னலோரத்தில் பின்னல் ஊசி நின்றது. மதருக்குத் தமிழ் புரியும்.

"சவரிமுத்து, நான் சொல்றதைக் கேளுங்க" என்றேன். "நீங்க இந்தப் பக்கத்து ஆளுன்னு சொன்னா இங்க யாரும் ஒத்துக்கலை. பிரெஞ்சுக்காரன்னு சொன்னாத்தான் இங்க இருக்க ஒரு வழி இருக்கு. அதுவும் விசா குடுத்தாத்தான்."

"இங்க இருக்கணும்னா இந்த ஊருக்காரன் இல்லன்னு சொல்லணுமா?"

"ஆமா."

"அப்பறம் பிரான்சுக்குப் போகச் சொல்லுவாங்களா?"

"இப்ப சொல்லமாட்டாங்க. பின்னால என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

அவர் சலேத்துவைப் பார்த்தார். அவள், "திரும்ப உள்ள போறதுக்கு இது தேவல. சரின்னு சொல்லுங்க" என்றாள்.

"அப்ப சரின்னு சொல்லுங்க மிஸ்."

அவர் விரும்புகிறார் என்று சொன்னேன். அதிகாரி பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. எங்கள் பேச்சின் நீளம் அவரைச் சங்கடப்படுத்தியிருக்கவேண்டும். "மன்னிக்கவேண்டும் மத்மொசேல்" என்றார். "சட்டம் அவர் பக்கம் இருக்கலாம். ஆனால் நம் மொழியில் ஒரு சொல் தெரியாதவர். பிரெஞ்சுக்காரராக இருப்பது என்றால் என்ன என்று அவருக்குப் புரிகிறதா? கொழும்பில் என்னைக் கேட்பார்கள்."

இத்தனை வருஷம் அந்த மொழியைப் படித்தவள் நான். நான் பிரெஞ்சுக்காரி அல்ல.

மதர் குளோத்தில்ட் பின்னலை மடியில் வைத்தார். மழை ஓய்ந்து சொல்வதெழுதுதலைத் தொடரும்போது வரும் அதே அமைதியான குரலில் பேசினார். "ஐயா, நான் நம் பிரான்சின் மேற்குக் கோடியில், பிரித்தானியில் பிறந்தவள். மீனவன் மகள். பள்ளிக்கூடம் போன முதல் நாள் எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. எங்கள் வீட்டில் பேசியது வேறு மொழி. அதைப் பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொரு பிள்ளை அகப்படும் வரை அதைச் சுமக்கவேண்டும். நான் அதைப் பல நாள் சுமந்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் பிரெஞ்சுக்காரியா இல்லையா? என் அண்ணன் இராணுவத்துக்குப் போனபோதும் அரைகுறைப் பிரெஞ்சுதான். அவன் செத்தபோது யாரும் அவனுடைய இலக்கணத்தைக் கேட்கவில்லை."

அவரோடு அவ்வளவு வருஷம் பழகியும் இந்தக் கதையை நான் கேட்டதில்லை. அந்த உச்சரிப்பு பிறவியில் வந்ததென்றே நினைத்திருந்தேன்.

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் போடும் இடத்தைச் சவரிமுத்துவுக்குக் காட்டினார். அவர் தமிழில் போட்டார்.

வழக்கு சில மாதங்களில் விழுந்தது. வதிவிட விசாவும் கிடைத்தது, குறுகிய காலத்துக்கு. ஸ்டோரில் பழைய இடம் கிடைக்கவில்லை. மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனார். லயத்தில் அவரைக் கேலியாக முசே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அது கேலியில்லாமலே பெயராகிவிட்டது.

இதோடு முடிந்ததென்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்த வருஷ முடிவில் சலேத்து மறுபடி வந்தாள். இந்த முறை காவலாளி அவளை நிறுத்தவில்லை. கூடவே மகன் அந்தோணி. இருபது வயது, தகப்பனைப்போல் மெலிவு, ஆனால் நேராகப் பார்த்துப் பேசுகிறவன். தகப்பன் பிரெஞ்சுப் பிரஜை என்றால் மகனும் அப்படியே. பிரான்ஸ் நாட்டு வாலிபர்கள் செய்யவேண்டிய இராணுவ சேவைக்கு அவனுக்கு அழைப்பு வந்திருந்தது.

நான் பதறிப்போய், வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் விலக்குக் கேட்கலாம், உடனே எழுதித் தருகிறேன் என்றேன்.

அந்தோணி, "வேணாம் மிஸ். நான் போறேன்" என்றான்.

"போறியா? அங்க உனக்கு யாரைத் தெரியும்?"

"இங்க மட்டும் யாருக்கு மிஸ் என்னையத் தெரியும்? காலையில வேலைக்குப் பெரட்டுக்களத்துல பேர் கூப்புடுறவனத் தவிர?"

சலேத்து தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று விளங்கியது. அவர்களுக்கு வேண்டியது விலக்கு அல்ல, பாஷை.

கப்பலுக்கு இருந்தது சில வாரங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவன் மலையிலிருந்து பள்ளி மண்டபத்துக்கு வருவான். முதல் நாள் வினைச்சொற்களின் வாய்பாட்டிலிருந்து தொடங்கினேன், அப்படித்தான் எனக்குத் தெரியும். அவன் பணிவாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மிஸ், 'எனக்கு வெளங்கல, மெதுவாச் சொல்லுங்க'ங்கிறதுக்கு என்ன சொல்லணும்? அத மொதல்ல குடுங்க."

நான் வாய்பாட்டை மூடிவைத்தேன். அத்தனை வருஷத்தில் என் மாணவிகள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அவர்களில் யாரும் அதைச் சொல்லவேண்டிய இடத்துக்குப் போனதும் இல்லை. கால் வலிக்கிறது, குளிர்கிறது, இது என் சாமான், நான் இல்லை, தண்ணீர் எங்கே, எங்கே அனுப்புகிறீர்கள் என்று அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொடுத்தேன். சில சொற்களுக்கு நானே அகராதியைப் பார்க்கவேண்டியிருந்தது. கொப்புளம் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று அன்றுதான் நான் படித்தேன்.

ஒரு ஞாயிறு மதர் உள்ளே வந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இவனுக்குக் கட்டளைகள் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அங்கியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவில் நின்றார். ஒரு நாளும் குரலை உயர்த்தாத அந்த மனுஷி, அண்ணனிடம் கேட்டுப் பழகிய குரலில், இடம், வலம், நில், நட என்று பிரெஞ்சில் அதட்டினார். அந்தோணி முதலில் திகைத்து நின்றான். பிறகு திரும்பினான், நடந்தான், மோதிக்கொண்டான், சிரித்தான். சத்தம் கேட்டுச் சமையற்கட்டுச் சகோதரிகள் ஓடிவந்தார்கள். என் பிரெஞ்சு வகுப்பில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவன் போனான். வெகுநாள் தகவல் இல்லை. பிறகு தமிழில் எழுதினான்: இராணுவ முகாமில் எல்லாரும் தன்னை இந்தியன் என்கிறார்கள், சிலோன் என்றால் தேயிலையா என்கிறார்கள், மற்றபடி மோசமில்லை. சேவைக்காலம் முடிந்ததும் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான்.

அவன் போன அடுத்த வருஷம் மதர் குளோத்தில்டின் விசா புதுப்பிக்கப்படவில்லை. அந்த வழக்கினாலா, அப்போது எல்லா வெளிநாட்டுத் துறவியருக்கும் நடந்ததுதானா, யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. லீக்ஸ் பாத்திகளை யார் எப்படிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தன் ஊர்க் கடற்கரையில் ஒரு முதியோர் மடத்தில் இருந்தார். அந்தோணி விடுமுறையில் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறான். அவனோடு அவர் தமிழில்தான் பேசினாராம். அவன் பிரெஞ்சில் பேசத் தொடங்கியபோது, உச்சரிப்பு எப்படி இப்படிக் கெட்டது என்று திட்டினாராம்.

அவர் போனபின் பள்ளியில் பிரெஞ்சு நின்றது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் சவரிமுத்துவின் வதிவிட விசாவும் முடிந்து, நீட்டிப்பு இல்லை என்றார்கள். தோட்டத்துச் சனங்களில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த நேரம் அது. பிரெஞ்சுக்காரராகிவிட்ட சவரிமுத்துவும் சலேத்துவும் அந்தக் கணக்கு இரண்டிலும் இல்லை. மகன் வரச்சொன்னான்.

வழியனுப்ப நானுஓயா ரயில் நிலையத்துக்குப் போனேன். சவரிமுத்து புதுச் சப்பாத்து போட்டு நொண்டிக்கொண்டிருந்தார். லயத்து ஆட்கள் ஒரு கூட்டமே வந்திருந்தது. எல்லாரும் முசே, முசே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் யாரோடும் பேசவில்லை. இறங்கிப்போகும் மேகத்தையும் அதற்கு மேலே தெரிந்த தேயிலையையும் பார்த்தபடி இருமிக்கொண்டு நின்றார். ரயில் வந்ததும் முதலில் ஏறி, மலைப்பக்கச் சன்னல் இல்லாத ஆசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சலேத்து யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம். பெட்டிக் கதவில் நின்றுகொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"மிஸ், நீங்க ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் எங்க ஊரப் பத்திப் பாடம் சொல்லிக் குடுக்குறீங்க. ஒரு தடவையாச்சும் வந்து பாக்க வேணாமா? நாங்க இருப்போம். எங்க ஊருக்கு வாங்க."

தன் கண்ணால் இன்னும் காணாத நாட்டைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"வர்றேன் சலேத்து" என்றேன்.

பிறகு வெளிநாட்டுச் செலாவணிக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார். பிறகு வகுப்புகள், பரீட்சைத் தாள்கள், மூடப்போகிறார்கள் என்ற பேச்சு, மூடாமல் இழுத்துப் பிடிக்கும் கூட்டங்கள். இரண்டு தடவை அழைப்பு வந்தும் ஏதோ ஒன்று தடுத்தது. அந்தோணியின் கடைசிக் கடிதத்தில், அம்மா கடைசிவரை உங்களுக்காக ஓர் அறையைக் காலியாக வைத்திருந்தார் என்று எழுதியிருந்தான்.

நான் போகவே இல்லை.